ஆறுதலும் இழுவையும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். சில மாதங்களுக்கு முன் சுவீடன் நாட்டுப் பொலிஸ் நாவல்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஒன்றே ஒன்றுதான் வாசிப்பேன் என்பவர்கள் அந்த வரிசையில் நாலாவதை எடுக்கலாம் என்றும் அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை நம்பித்தான் இறங்கினோம்.

நாங்கள் ஏழு பேர். பௌர்ணமிப் போயா விடுமுறையில் யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஒரு புத்தகத்தைப் பற்றிக் கதைப்போம். பெயர், பதிவு ஒன்றும் இல்லை. பிளேன்ரீயும் ரோல்ஸும் உண்டு. இந்த முறை உவர்மலையில் எங்கள் வீட்டில். மாய் ஷோவால், பேர் வாலூ இருவரும் எழுதிய மார்ட்டின் பெக் என்ற ஸ்டொக்ஹோம் பொலிஸ்காரரின் வரிசையில் நாலாவது நாவல், ஆங்கிலத்தில் 'த லாஃபிங் பொலிஸ்மன்'. இரண்டு பிரதிதான் கிடைத்தது. அவை கைமாறி எல்லோரிடமும் போய் வரவே மூன்று போயா கடந்துவிட்டது.

ஏழு பேருக்கும் ஏழு அபிப்பிராயம். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், எங்கள் எல்லோருக்கும் அவர் 'சேர்'. பாதியில் மூடிவிட்டார். புத்தக ஓரத்தில் மூன்று இடத்தில் பென்சிலால் 'இழுவை' என்று எழுதியும் வைத்திருக்கிறார். "தொடக்கத்திலயே ஒரு பஸ்ஸில ஒன்பது பேரைச் சுட்டாச்சு. பிறகு நூறு பக்கத்துக்கு மேல பொலிஸ்காரர் எல்லாம் மழையில நனைஞ்சு தடிமன் பிடிச்சுத் திரியினம். இதில துப்பறியிறது எங்க?" என்பது அவருடைய கேள்வி. வளாகத்தில் படிக்கும் என் மகள் இரண்டு இரவில் முடித்துவிட்டு, பஸ்ஸில் செத்துப்போன ஒரு இளம் பொலிஸ்காரனுக்காக அழுதாள். தாதியாக வேலை செய்யும் தோழிக்கு ஆஸ்பத்திரிக் காட்சி பிடித்துவிட்டது. காயப்பட்டவனின் கட்டிலருகே பொலிஸ் காத்திருப்பதை இவ்வளவு சரியாக வேறெங்கும் வாசிக்கவில்லை என்றாள். எனக்குப் புத்தகம் பிடித்தது, ஆனால் கதையில் வருகிற ஆட்களில் யார் யார் என்று குழம்பினேன். அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஒருவரையொருவர் தெரிந்தவர்கள், நான் மட்டும் அழைப்பிதழ் இல்லாமல் கலியாண வீட்டுக்குப் போனவள் போல இருந்தது.

இன்னொருவர் கடைசி வரை ஒன்றும் சொல்லவில்லை. எழும்பும்போதுதான், "எங்கட ஊர் வழக்குகள் இழுபடுறது காணாதா, கதையிலயும் இழுபடோணுமா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு யாரும் கதைக்கவில்லை.

மெதுவாகப் போவது ஒரு நாவலுக்குச் சிறப்பா, குறையா? முதலாவதிலிருந்து தொடங்கியிருக்க வேண்டுமா? இல்லை, கைத்தொலைபேசி எங்கள் பொறுமையைத் தின்றுவிட்டதா?

அன்புடன்,
ஒரு வாசகி, திருகோணமலை

*

அன்புள்ள தங்கச்சி,

அந்தப் பென்சில் எழுத்தை ஒருமுறை பார்க்க ஆசையாக இருக்கிறது. மூன்று இடத்தில் 'இழுவை' என்று எழுதியவர் மூன்றாவது இடம் வரைக்கும் வாசித்திருக்கிறாரே. எனக்கு அலுப்புத் தட்டினால் முதலாவது இடத்திலேயே புத்தகத்தை வைத்துவிட்டுச் சந்தைக்குப் போய்விடுவேன்.

முதலில் என் பிழையை ஒப்புக்கொள்கிறேன். நாலாவதை எடுக்கச் சொன்னது நான்தான். 1968 இல் சுவீடிஷ் மொழியில் வந்த நாவல் அது. ஆங்கிலத்துக்குப் போய் 1971 இல் அமெரிக்காவின் எட்கர் விருதை வாங்கியது. வரிசையில் நன்றாகக் கட்டி எழுப்பப்பட்டதும் அதுதான் என்பது என் எண்ணம். ஆனால் வீடு நன்றாகக் கட்டப்பட்டிருப்பது வேறு, அதற்குள் எந்தக் கதவால் நுழைவது என்பது வேறு. அதை யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

ஷோவாலும் வாலூவும் இணையர்கள். பிள்ளைகளைப் படுக்கவைத்த பிறகு, இரவில் மேசையில் உட்கார்ந்து ஆளுக்கொரு அத்தியாயமாக எழுதியவர்கள். 1965 இல் முதலாவது, 1975 இல் பத்தாவது. பத்து எழுதி நிறுத்துவது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தார்கள். பத்தும் சேர்ந்து ஒரே நாவல் என்பதுதான் அவர்களுடைய கணக்கு. புத்தகத்துக்கு 30 அத்தியாயம், மொத்தம் 300. கணித ஆசிரியருக்குச் சொல்லுங்கள்: நீங்கள் ஏழு பேரும் அந்த நாவலுக்குள் நுழைந்தது 91ஆம் அத்தியாயத்தில். கலியாண வீட்டில் தெரியாத ஆளாக நின்றது உங்கள் குற்றமில்லை. பந்தி பாதி முடிந்த நேரத்தில் உங்களை உள்ளே தள்ளிவிட்டது நான்.

உதாரணம் ஒன்று. மெலண்டர் என்று ஒரு துப்பறிவாளர் வருவார், ஞாபகம் இருக்கிறதா? எந்த வழக்கின் எந்த விபரத்தையும் மறக்காதவர், பைப் புகைப்பவர். அவரை யார் எப்போது தேடினாலும் கழிவறையில்தான் இருப்பார். முன்னைய புத்தகங்களிலிருந்து வருகிறவர்களுக்கு அது வீட்டுப் பகிடி. மெலண்டர் எங்கே என்று யாராவது கேட்டவுடனேயே சிரிப்பு வந்துவிடும். புதிதாக வருகிறவருக்கு, இதை எதற்கு இவ்வளவு பாடுபட்டுச் சொல்கிறார்கள் என்றுதான் தோன்றும். சேரின் பென்சில் அந்தப் பக்கத்திலும் ஓடியிருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

இதில் எங்கள் வாசிப்புப் பழக்கத்துக்கும் பங்கு உண்டு. தமிழில் துப்பறியும் வரிசைகளுக்குக் குறைவில்லை. ஆனால் எங்கள் துப்பறிவாளர்களுக்கு வயது போவதில்லை. தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கு நரைத்ததாக எனக்கு ஞாபகமில்லை. சுஜாதா படைத்த வசந்தின் குறும்பு எத்தனை வருடம் போனாலும் அதே இளவட்டக் குறும்புதான். எந்தப் புத்தகத்தையும் எந்த இடத்திலும் எடுத்து வாசிக்கலாம். பஸ்ஸில் ஏறும்போது தொடங்கி இறங்கும்போது முடித்துவிடலாம். அது அந்த எழுத்தின் வசதி, அதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் அப்படி வளர்ந்தவன்தான். மார்ட்டின் பெக் அந்தச் சாதி இல்லை. அவருக்கு வயது போகிறது, மனைவியோடு பேச்சுக் குறைகிறது, பிறகு பிரிவு. ஏழாவது புத்தகத்தில் சுடப்படுகிறார். எட்டாவதில் அந்தக் காயத்தோடு வேலைக்குத் திரும்புகிறார். சங்கர்லால் தேநீர் குடித்தால் துப்புத் துலங்கும். பெக் கோப்பி குடித்தால் வயிறு வலிக்கும்.

சரி, உங்கள் மகளுக்கு வருகிறேன். என் விளக்கத்தில் ஓட்டை விழுவது அங்கேதான். அவளும் 91ஆம் அத்தியாயத்தில்தானே நுழைந்தாள்? ஸ்டென்ஸ்ட்ரோம் என்ற அந்த இளைஞனை முன்னைய புத்தகங்களில் அவள் சந்திக்கவில்லை. பஸ்ஸுக்குள் அவன் உயிரோடு ஒரு வார்த்தை பேசி அவள் கேட்கவில்லை. கதை அவனிடம் வரும்போதே பிணம். பிறகு ஏன் அழுதாள்?

சேர் 'தடிமன் பிடிச்சுத் திரியினம்' என்று சொன்ன அந்தப் பக்கங்களால்தான். அவற்றில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். விடுப்பில் இருந்தவன் இரவு நேரத்தில் அந்த பஸ்ஸில் ஏன் ஏறினான், கையில் ஏன் துவக்கு, பக்கத்தில் இருந்த தாதி யார்? உடன் வேலை செய்தவர்களுக்கே தெரியவில்லை. அவனுடைய மேசை இழுப்பறையைத் திறக்கிறார்கள். துணைவி ஓசாவோடு கதைக்கிறார்கள். பெக்கின் சக பொலிஸ்காரர் கொல்பெரி அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து தங்கவைக்கிறார். செத்தவனைப் பற்றி ஒவ்வொரு சின்ன விஷயமாக, ஒன்றுக்கொன்று முரணாக, தெரியவருகிறது. புத்தகம் நடுவை எட்டும்போது அவனை நாங்கள் அறிந்துவிட்டோம். செத்த பிறகு ஒருவனை அறிமுகப்படுத்துவதென்றால் அவசரத்தில் முடியாது. செத்த வீட்டுக்குப் போனால் அங்கே என்ன செய்கிறோம்? இருந்து கதைக்கிறோம். அந்த ஓசா பிந்திய புத்தகங்களில் பொலிஸ்காரியாகவே வருகிறாள். அதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அடுத்ததை அவளே தேடுவாள்.

உங்கள் தாதித் தோழி சொன்ன ஆஸ்பத்திரிக் காட்சியையும் எடுங்கள். பஸ்ஸில் சுடப்பட்டவர்களில் ஒருவர் மட்டும் உயிரோடு இருக்கிறார், நினைவில்லாமல். ரொன் என்ற பொலிஸ்காரர் ஒலிப்பதிவுக் கருவியோடு கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறார். மனிதர் கண் திறக்கும் சில நொடியில் இரண்டு கேள்வி கேட்கிறார்: யார் சுட்டது, ஆள் எப்படி இருந்தான்? இரண்டுக்கும் விளங்காத ஒரு முனகல்தான் பதில். அத்தோடு ஆள் போய்விடுகிறார். அதன் பிறகு அந்த ஒலிநாடாவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறார்கள். பெயரா, ஊரா, உளறலா? வாசிக்கிற எங்களுக்கும் அந்த எழுத்துக் கோவைதான் தரப்படுகிறது. பொலிஸுக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

மெதுவான துப்பறியும் நாவலில் நான் பார்ப்பது இதைத்தான். காத்திருப்பது யார்? துப்பறிகிறவரும் காத்திருக்கிறார், நானும் அவரோடு காத்திருக்கிறேன் என்றால் எத்தனை பக்கம் போனாலும் எனக்கு அலுப்பில்லை. எங்கள் ஊரில் மெதுவாக வா என்பதற்கு 'ஆறுதலாக வா' என்போம். தமிழ்நாட்டு நண்பர் ஒருவரிடம் தொலைபேசியில் "ஆறுதலாகச் சொல்லுங்கள்" என்றபோது, தனக்கு என்ன துக்கம் நடந்தது என்று மனுஷன் குழம்பிப்போனார். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கும். வேகம் குறைவது மட்டும் அதில் இல்லை, பக்கத்தில் ஒருவர் இருக்கிறார் என்பதும் இருக்கிறது. துப்பறிகிறவருக்கு எல்லாம் தெரிந்து, எழுத்தாளருக்கும் எல்லாம் தெரிந்து, வாசகரை மட்டும் வாசலில் உட்காரவைத்தால் அதற்குப் பெயர் இழுவை. சேரின் சொல் நல்ல சொல்தான், எழுதிய புத்தகம்தான் மாறிவிட்டது.

இன்னொன்று. உப்புவெளிப் பக்கம் விடியக் காலையில் கரைவலை இழுப்பதை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் கடலுக்குள் போகும். அரைவட்டமாக வலையை வளைத்துவிட்டு, மற்ற முனையோடு தள்ளி ஓரிடத்தில் கரையேறும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். இரண்டு மணித்தியாலமும் ஆகும், மேலேயும் போகும். மீன் சேருகிற மடி கடைசியில்தான் வரும். ஹோட்டலிலிருந்து வருகிற வெள்ளைக்காரரும் கொழும்பிலிருந்து வருகிறவர்களும் மடி கரையைத் தொடுகிற நேரம் பார்த்து ஓடிவந்து படம் எடுப்பார்கள்.

நான் ஒருமுறை கயிற்றில் பிடித்திருக்கிறேன். உதவிக்கென்று போய் உபத்திரவமாக நின்றேன் என்பதே உண்மை. கால்மணித்தியாலத்தில் உள்ளங்கை எரியத் தொடங்கியது. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் திரும்பிப் பார்க்காமலேயே, "பாரம் ஏறுது தம்பி, தெரியுதா?" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவருக்குக் கயிறு சொல்லியது. சூடை மீனா, கீரி மீனா, இல்லை வெறும் சொறி என்கிற ஜெலிமீனும் பாசியுமா என்பதைக்கூட மடி வருமுன்பே அவர்கள் ஒரு மாதிரி மட்டுக்கட்டிவிடுகிறார்கள். அன்றைக்கு வந்தது பெரும்பாலும் சொறிதான். பார்க்க வந்தவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள். இழுத்தவர்கள் வலையை உதறிக் காயப்போட்டார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்ததாகத் தெரியவில்லை. சேரிடம் கேட்டுப் பாருங்கள், அவர் மடிக்கு மட்டும் வந்தவரா என்று. அதுவும் தப்பில்லை. மீன் வாங்குகிறவருக்கு மடி போதும்.

எல்லா மெதுவான நாவலுக்கும் நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். வரிசை நீண்டு பெயரும் பெருகிவிட்டால், எழுத்தாளரின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்க யாருக்கும் தைரியம் வராது. ரொபர்ட் கல்பிரெய்த் என்ற பெயரில் ஜே.கே.ரௌலிங் எழுதுகிற கோர்மொரன் ஸ்ட்ரைக் வரிசையைப் பாருங்கள். 2013 இல் வந்த முதலாவது ஐந்நூறு பக்கத்துக்குள் அடங்கியது. 2022 இல் வந்த ஆறாவது ஆயிரம் பக்கத்தைத் தாண்டியது. அதில் இணைய அரட்டைகள் பத்தி பத்தியாக, பக்கத்தில் இரண்டு மூன்று நிரலாக வரும். எந்த நிரலை முதலில் வாசிப்பது என்று விரல் வைத்துத் தேட வேண்டும். மூன்று கிழமை மேசையில் கிடந்தது. கடைசியில் முடித்தேன், ஆனால் கொலைகாரன் யார் என்பதற்காக இல்லை. துப்பறிவாளர் ஸ்ட்ரைக்கும் அவருடைய தொழில் பங்காளி ரொபினும் மனம்விட்டு ஒரு வார்த்தை பேசுவார்களா என்பதற்காக. அந்த வரிசையைக் கொண்டாடுகிறவர்களும் திட்டுகிறவர்களும் ஒரே புத்தகத்தை வாசிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஒரு பகுதியினர் வழக்கை வாசிக்கிறார்கள், அவர்களுக்கு அது இழுவை. மற்றப் பகுதியினருக்கு அது ஊரிலிருந்து மாதம் ஒருமுறை வருகிற கடிதம். நீளமாக இருந்தால் இன்னும் நல்லது.

ஆனால் பக்கத்தை எண்ணி வேகத்தை அளக்கவும் முடியாது. மெய்க்ரே கதைகள் பெரும்பாலும் நூற்றைம்பது பக்கம் சொச்சம்தான். ஜோர்ஜ் சிமெனோன் 1931 இலிருந்து 1972 வரை 75 நாவலும் 28 சிறுகதையும் அந்த ஒரு பொலிஸ் அதிகாரியை வைத்து எழுதினார். பலவற்றை ஒரு கிழமை, பத்து நாளில் எழுதி முடித்தவர். அவ்வளவு அவசரமாக எழுதப்பட்ட கதைகளுக்குள் மெய்க்ரே செய்வது என்ன? பைப்பைப் பற்றவைப்பது, கடையில் உட்கார்ந்து குடிப்பது, செத்தவனின் தெருவில் நடப்பது, வாசல் காவல்காரியோடு கதைப்பது, மழையைப் பார்ப்பது. என் கைக்குக் கிடைத்த துப்பறியும் கதைகளில் அவ்வளவு ஆறுதலானவை வேறில்லை. சாப்பாட்டுக்கும் நித்திரைக்கும் இடையில் ஒன்றை முடித்துவிடலாம். சேருக்கு என் மருந்துச்சீட்டு அதுதான். அவருக்கு ஒவ்வாதது ஆறுதலா, பக்க எண்ணிக்கையா என்பதும் அத்தோடு தெரிந்துவிடும்.

இப்போது கடைசியில் எழும்பிப் போனவர் கேட்டதற்கு வர வேண்டும். உண்மையில் உங்கள் கடிதத்தில் நான் நின்றுபோனது அந்த இடத்தில்தான். மற்றதற்கெல்லாம் அன்று இரவே பதில் எழுதிவிட்டேன்.

பல வருடங்களுக்கு முன் என் லுமாலா சைக்கிள் களவு போனது. முறைப்பாடு கொடுக்கப் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். எந்த நிலையம் என்பது இப்போது முக்கியமில்லை. இளம் அதிகாரி ஒருவர் பெரிய பதிவேட்டை விரித்து, அடிமட்டம் வைத்து ஓரக்கோடு போட்டார். நிறம் என்ன? கரியர் துருப்பிடித்ததா? மணி எந்தப் பக்கம்? பூட்டினீர்களா? பத்து நிமிடம் கழித்து: எத்தனை மணிக்குப் பூட்டினீர்கள்? இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, வேறெதையோ எழுதிக்கொண்டே, நிமிராமல்: திறப்பு இப்போது எங்கே? பூட்டவில்லை என்பதை மூன்றாவது கேள்வியில்தான் ஒப்புக்கொண்டேன். மனதுக்குள் அவரை மெச்சினேன். இரண்டரை மணித்தியாலம் போனது. எல்லாம் சிங்களத்தில் எழுதப்பட்டது. கொச்சைத் தமிழில் வாசித்துக் காட்டினார். எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்துக்குக் கீழே தமிழில் கையெழுத்து வைத்துவிட்டு நடந்து வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. யாரும் வரவில்லை, நானும் போகவில்லை. அந்தப் பதிவேடு எங்கேயாவது ஒரு அலுமாரியில் இருக்கும்.

அது சைக்கிள், போகட்டும். 2006 ஜனவரி 2 ஆம் திகதி மாலை எங்கள் கடற்கரையில், காந்தி சிலைக்குக் கிட்ட, ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். உங்கள் வட்டத்தில் இருக்கிறவர்களுக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை. 2013 இல் பொலிஸ் விசேட அதிரடிப்படையினர் கைதானார்கள். 2019 ஜூலையில், போதிய சாட்சியம் இல்லை என்று சந்தேகநபர்கள் 13 பேரையும் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. அந்தக் கடற்கரையில் பின்னேரம் கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு உட்காருகிற ஒருவரிடம் போய், ஸ்டொக்ஹோமில் ஒரு வழக்கு மெதுவாகப் போவதன் அழகைப் பாருங்கள் என்று எப்படிச் சொல்வேன்? அவருடைய கேள்வி இலக்கியக் கேள்வி இல்லை என்று தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை.

ஒன்றைச் சொல்லலாம். ஷோவாலும் வாலூவும் பொலிஸுக்குப் பாட்டுப் பாட வந்தவர்கள் இல்லை. இருவரும் மார்க்சியர்கள், தங்கள் நாட்டுப் பொலிஸும் அரசும் எப்படி உளுத்துப்போகிறது என்று காட்டத்தான் துப்பறியும் கதையை எடுத்துக்கொண்டார்கள். பிந்திய புத்தகங்களில் அது பிரசங்கமாகவே மாறி என் பொறுமையையும் சோதித்தது உண்டு. ஆனாலும் நாலாவதின் நடுவில் ஒரு விஷயம் இருக்கிறது. சேர் நிறுத்திய பக்கத்துக்குப் பிறகு வருவதால் மேலோட்டமாகச் சொல்கிறேன். யாரும் கேட்காத, பல வருடம் மூடிக் கிடந்த ஒரு பழைய கோப்பு. அதை ஒருவன் தன் சொந்த நேரத்தில் எடுத்துத் திறந்திருக்கிறான். கதை முழுவதும் அந்தக் கோப்பின் மேல்தான் நிற்கிறது. அங்கே வழக்கு மெதுவாகப் போகிறது, ஏனென்றால் யாரோ இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே மெதுவாகப் போகிறது என்றால் என்ன என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சுவீடன் வாசகருக்கு அது யதார்த்த நாவல். எங்களுக்கு அந்த ஒரு இடம் விக்கிரமாதித்தன் கதை மாதிரி. நான் அதைத் திரும்பத் திரும்ப வாசிப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அவர் வாசிக்க முடியாமல் எழும்பிப் போனதற்கும் அதுவே காரணம் என்றால் எனக்கு வியப்பில்லை. அவரை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

கைத்தொலைபேசியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூன்று போயாவாக இரண்டு பிரதியை ஏழு பேர் கைமாற்றி வாசித்திருக்கிறீர்கள். உங்கள் பொறுமைக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு இம்முறை ஒழுங்காகப் பதில் சொல்கிறேன்: 1965 இல் வந்த 'ரோசானா'. கால்வாயைத் தூர்வாரும்போது ஒரு பெண்ணின் உடல் கிடைக்கிறது. அவள் யார் என்று தெரியவே மாதக்கணக்காகும். அவள் பயணம் செய்த சுற்றுலாக் கப்பலில் இருந்தவர்கள் எடுத்த புகைப்படங்களையும் படச்சுருள்களையும் உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். அவளுக்குப் பின்னால் நிற்கிற ஆள் யார், தொப்பி போட்டவன் யார் என்று. நாலாவதைவிட ஆறுதலானது, முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஆனால் ஸ்டென்ஸ்ட்ரோம் அதில் உயிரோடு இருக்கிறான். உங்கள் மகளுக்கு அது போதும்.

என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. மெய்க்ரேயும் இரண்டு மூன்று கிடக்கிறது. அடுத்த போயாவுக்கு முந்தின நாள் பின்னேரம் வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். 'ரோசானா'வின் பின்னட்டை கழன்றிருக்கிறது, உள்ளே செருகித்தான் வைத்திருக்கிறேன். பென்சிலை சேர் கையோடு கொண்டுவந்தாலும் பரவாயில்லை, பேனை மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
அண்ணா